சிறுதேர் சேர்த்தல் வீண் பொழுதுபோக்கா?

ஒருவர் தமது தொழிலை எவ்வாறு செய்கின்றார் என்பதைக் கொண்டு அவரது திறமையை அறியலாம். ஓய்வு நேரத்தை எவ்வாறு கழிக்கின்றார் என்பதைக் கொண்டு அவரது உள்ளப்பாங்கை அறியலாம். தபால் முத்திரை சேர்ப்போரும், பழைய நாணயம் சேர்ப்போரும், அரிய நூல்களைத் தேடிச் சேர்ப்போரும் எம்மவரிடையே நன்மதிப்புப் பெற்றுள்ளனர். அவர்தம் சேர்ப்பைக் கண்டோர் அறிவுக்கு விருந்து என்று பாராட்டிச் செல்வர். ஆயின், உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார்களைத் தேடிச் சேர்ப்பவர் ஒருவரைக் கண்டால் மட்டும், "நாற்பது வயதாகியும் விளையாட்டுப் புத்தி போகவில்லையே" என்று நகைப்பர். இந்நகைப்பு நியாயமானதா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இத்தாலி நாட்டுக் காருக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவலாம். வினா பொருத்தமானதே. அதற்குரிய விடை போகப் போக விளங்கும்.

சிறுதேர் என்பது நமக்குப் புதிய சொல்லன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பது சிறுதேர்ப் பருவம். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாது உருட்டித் திரிந்த மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. குறுந்தொகையில் தும்பிசேர்கீரனார் செய்யுளொன்றிலே தச்சன் செய்து கொடுத்த சிறுவண்டி வருகின்றது. அதில் ஏறிச் செல்ல இயலாத பிள்ளைகள் அதனைக் கையால் இழுத்து அடையும் இன்பமே அங்கு உவமையாக அமைந்துள்ளது. ஏற முடியாத வண்டியாலும் இன்பம் உண்டு என்பதைச் சங்கச் சான்றோர் உணர்ந்திருந்தனர். ஆதலின், கடைகளிலே 'டைகாஸ்ட் மொடல்' என்று வழங்கும் அச்சுவார்ப்புக் கார்களை இக்கட்டுரையிற் சிறுதேர் என்றே அழைப்போம்.

இனி, அவற்றின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய பிராங்க் ஹோர்ன்பி என்பார், 1930களில் தமது விளையாட்டுப் புகைவண்டிகளுக்குத் துணையாகச் சிறு கார்களையும் வெளியிட்டார். அவையே டிங்கி என்னும் பெயரால் உலகெங்கும் பரவின. உண்மைப் பொருளின் ஓரடியை ஏழு மில்லிமீற்றராகச் சுருக்குவது அக்காலப் புகைவண்டி விளையாட்டுப் பொருள்களின் கணக்கு. அக்கணக்குப்படி எப்பொருளும் ஏறக்குறைய நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகும். சிறுதேர் சேர்ப்போர் இன்றும் 1:43 என்னும் அளவைப் போற்றுவதன் காரணம் இதுவே. பெரியனவற்றை விரும்புவோர்க்கு 1:18, 1:24 என்னும் அளவுகளும், சிறியனவற்றை விரும்புவோர்க்கு 1:64 என்னும் அளவும் உள.

இன்னொரு வரலாறு ஆசிரியராகிய நமக்கு மிக இனியது. இலண்டனில் லெஸ்னி என்னும் வார்ப்புத் தொழிலகத்திலே பணியாற்றிய ஜக் ஓடெல் என்பவருக்கு ஒரு மகள் இருந்தாள். தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே பள்ளிக்குக் கொண்டு வரலாம் என்பது அவள் பயின்ற பள்ளியின் விதி. தந்தையார் அவ்விதியை ஏசவில்லை. றோட்டுப் போடும் றோலர் ஒன்றைப் பித்தளையிலே தீப்பெட்டிக்குள் அடங்கச் செய்து மகளிடம் கொடுத்தார். அதனைக் கண்ட பிள்ளைகள் யாவரும் தமக்கும் வேண்டுமென்றனர். 1953ஆம் ஆண்டில் மச்பொக்ஸ் கார்கள் இவ்வாறு பிறந்தன. பள்ளிக்கூட விதியொன்று பெருந்தொழில் ஒன்றுக்கு வித்தானது! கட்டுப்பாடு கற்பனையைக் கொல்லும் என்று வாதிடும் மாணவர்கள் இதனைச் சிந்திப்பாராக.

சிறுதேரின் உடம்பு நாகம் எனப்படும் துத்தநாகத்தால் ஆனது. அதனுடன் சிறிதளவு அலுமினியமும், மிகச் சிறிதளவு மகனீசியமும் செம்பும் சேர்ப்பர். இந்நான்கு உலோகங்களின் ஜேர்மன் மொழிப் பெயர்களது முதலெழுத்துகளைக் கோத்து இக்கலப்புலோகத்துக்குச் சமாக் என்று பெயரிட்டனர். ஏறக்குறைய 400 பாகை வெப்பத்தில் உருகிய குழம்பை உருக்கினாலான அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்த, அது நொடிப்பொழுதில் உறைந்து கதவு, கண்ணாடிச் சட்டம், விளக்கு வளையம் ஆகிய யாவும் அமைந்த கூடாக வெளிவரும். இக்குழம்பிற் சிறிது ஈயம் கலந்துவிட்டாலோ கேடு விளையும். பல ஆண்டுகள் சென்றபின் உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய டிங்கி கார்கள் பல இந்நோயால் அழிந்தன. கண்ணுக்குத் தெரியாத மாசு காலங்கடந்து வெளிப்படும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை இரசாயன ஆசிரியர் எங்கே தேடுவார்?

நிற்க. கார் செய்யும் நாடுகள் பலவிருக்க, இத்தாலி நாட்டுக் கார்களைச் சேர்ப்போர் மிகுந்திருப்பதேன்? அழகே முதற் காரணம். பினின் பரீனா என்னும் கூடமைப்பாளர் வடித்த சிசித்தாலியா 202 என்னும் காரை, நியூயோர்க் நகரின் நவீன கலை நூதனசாலை 1951ஆம் ஆண்டில் எட்டுக் கார்களைக் கொண்டு நடத்திய காட்சியிலே சிற்பத்துக்கு ஒப்பாக வைத்தது. 1950இல் வெளிவந்த லான்சியா அவுரேலியா, வீ வடிவில் அமைந்த ஆறு உருளை எந்திரத்தை விற்பனைக் காரிலே முதன்முதற் கண்டது. உழவு இயந்திரம் செய்து பொருளீட்டிய பெருச்சியோ லம்போர்கினி என்பார், 1966இல் மியூரா என்னும் காரை வெளியிட்டு உலகை வியப்பில் ஆழ்த்தினார். கலப்பைக்கும் கலைக்கும் பகையில்லை என்பதற்கு அவரே சான்று.

இக்கார்களின் சிறுதேர்களைப் பிறநாட்டார் வார்த்ததுபோலவே இத்தாலியரும் வார்த்தனர். டிங்கி வரிசையில் அல்பா ரோமியோ, மசராட்டி, பெராரி ஆகிய பந்தயக் கார்கள் இருந்தன. மச்பொக்ஸ் 1965இல் வெளியிட்ட பியற் 1500 காரின் கூரைமேற் பயணப் பெட்டிகள் கட்டப்பட்டிருக்கும். விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பம் கண்முன் வந்து நிற்கும். தூரின் நகரில் மேர்க்குரி தோன்றியது; பின்னர் பிறவிடத்துப் பொலிதோய்ஸ், மெபெதோய்ஸ் ஆகிய இத்தாலியப் பெயர்கள் தோன்றின. 1972இல் புரூம் நிறுவனம் தொடங்கிப் பழைய கார்களை 1:43 அளவில் வார்த்தது. மிலானுக்கு அருகிலுள்ள புராகோ என்னும் ஊரின் பெயரைத் தாங்கி 1970களில் எழுந்த நிறுவனம் பெரிய அளவுச் சிறுதேர்களை மலிவு விலையில் உலகுக்கு அளித்தது. அதன் இத்தாலியத் தொழிலகம் 2005இல் மூடப்பட, பெயரை ஹொங்கொங் நிறுவனமொன்று வாங்கியது. இத்தாலியக் காரின் உருவம் சீனாவில் வார்க்கப்பட்டு, கொழும்பு வழியாகக் கொத்மலைக்கு வருகின்றது. உலக வாணிபம் பற்றிய பாடம் முழுவதும் இவ்வொரு பொருளின் பயணத்தில் அடங்கியுள்ளது.

ஆயினும், சேர்க்கத் தொடங்கும் இளைஞருக்கு நாம் முதலிற் சுட்டுவது பெராரியையன்று, பியற்றையே. 1936இல் வெளிவந்த பியற் 500 காருக்கு மக்கள் இட்ட செல்லப்பெயர் தொப்போலினோ. சுண்டெலி என்பது அதன் பொருள். அதனை அமைத்த தந்தே ஜாக்கோசா என்னும் பொறியியலாளரே 1957இல் புதிய 500 காரையும் அமைத்தார். போரினால் நொந்த நாட்டிலே, மிதிவண்டியிலும் ஸ்கூட்டரிலும் தொழிலகத்துக்குச் சென்ற தொழிலாளியின் குடும்பம் ஏறிச் செல்வதற்கென்று அது செய்யப்பட்டது. இரண்டே உருளைகள், பின்புறத்தில் எந்திரம், நீர் வேண்டாது காற்றாற் குளிரும் அமைப்பு, சுருட்டி மடிக்கத்தக்க துணிக் கூரை. 1975 வரையில் ஏறக்குறைய 39 இலட்சம் கார்கள் வெளிவந்தன. செல்வருக்கு அழகு செய்வது எளிது. ஏழைக்கு அழகு செய்வதே அருஞ்செயல். இவ்வுண்மையை அந்தச் சிறு கார் கற்பிக்கின்றது.

பியற் நமக்கு அயலாரும் அல்லர். 1950களிலும் 1960களிலும் இலங்கை வீதிகளில் ஓடிய கார்களுள் பியற் 1100 ஒன்று. அதே கார் 1964 முதல் பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தாற் செய்யப்பட்டு, 1970களிற் பத்மினி என்னும் அரசியின் பெயரைப் பெற்றது. மும்பாய் நகரின் கறுப்பு மஞ்சள் வாடகைக் காராகப் பல்லாண்டு உழைத்த அது, 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அச்சேவையிலிருந்து முற்றாக ஓய்வுபெற்றது. நம் நாட்டில் உபாலி விஜேவர்தன அவர்களின் நிறுவனம் 1970களில் மஸ்டா, பியற் ஆகிய கார்களை இங்கேயே பொருத்தி விற்றது.

இவற்றினும் நெருங்கிய உறவு ஒன்றுண்டு. தவலந்தென்னைச் சந்தியிலும் பூண்டுலோயாக் கடைவீதியிலும் வரிசையாக நிற்கும் ஓட்டோக்களின் குலமுதல்வன் யார்? இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. இரண்டாண்டுகளின் பின், அதனோடு மூன்றாம் சக்கரம் சேர்த்து ஆப்பே என்னும் சிறு பார வண்டியை வெளியிட்டது. வெஸ்பா என்றாற் குளவி. ஆப்பே என்றால் தேனீ. அந்நிறுவனத்தின் உரிமம் பெற்றே இந்தியாவின் பஜாஜ் நிறுவனம் 1960களில் முச்சக்கரவண்டி செய்தது. தோட்டத்து வாலிபன் தவணை கட்டி ஓட்டும் வண்டி இத்தாலியத் தேனீயின் பேரப்பிள்ளை. அதனை அறிந்தபின் அவன் தன் வண்டியைப் பார்க்கும் பார்வையே வேறாகும். பட்டினப்பாலைச் சிறுவரின் மூன்று சக்கரச் சிறுதேரையும் உடன் நினைத்துக்கொண்டால், தமிழ் ஆசிரியருக்கும் இத்தாலிய வண்டிக்கும் உள்ள தொடர்பு ஒருவாறு விளங்கும்.

இனி, அளவு பற்றிய பாடத்துக்கு வருவோம். படத்தின் அளவுத்திட்டத்தை விளங்காது திகைக்கும் மாணவர் எவ்வகுப்பிலும் உளர். அவர் கையில் 1:43 அளவிலான பியற் 500 ஒன்றையும் அடிமட்டம் ஒன்றையும் கொடுத்துப் பாருங்கள். உண்மைக் கார் 2.97 மீற்றர் நீளமுடையது. சிறுதேர் 69 மில்லிமீற்றர் இருக்கும். பின்னர் நம் கொத்மலை அணைக்கட்டைக் காட்டுங்கள். 1985இல் நிறைவெய்திய அவ்வணை 87 மீற்றர் உயரமும் 600 மீற்றர் நீளமும் உடையது. அதனையும் அதே அளவிற் சுருக்கினால் ஏறக்குறைய இரண்டு மீற்றர் உயரமும் பதினான்கு மீற்றர் நீளமும் கொண்ட சுவராகும். அச்சுவரின் அடியில் இச்சிறுதேரை வைத்தால், மனிதன் இம்மலைநாட்டில் எழுப்பியது எத்துணைப் பெரிது என்பதைக் குழந்தை தன் கண்ணாற் காணும்.

அடுத்து எடையைக் கேளுங்கள். உண்மைக் கார் ஏறக்குறைய 500 கிலோகிராம். நீளம் நாற்பத்து மூன்று மடங்கு குறையும்போது, எடை 43ஐ மூன்று முறை பெருக்கி வரும் 79,507 மடங்கு குறைதல் வேண்டும். அதாவது சிறுதேர் ஆறு கிராமுக்குச் சற்று மேலாகவே இருத்தல் வேண்டும். கடைத் தராசில் வைத்தால் அதனிலும் பன்மடங்கு காட்டும். காரணம் யாது? ஒரு மில்லிமீற்றர்த் தடிப்புடைய சிறுதேரின் கூட்டை உண்மை அளவுக்குப் பெருக்கினால் நாலு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புடைய தகடாகும். அத்தகைய காரை எந்த எந்திரமும் இழுக்காது. உருவத்தைச் சுருக்கலாம்; எடையும் வலிமையும் அதே வீதத்திற் சுருங்கா. இவ்வுண்மையை 1638இல் வெளிவந்த தமது நூலிலே விளக்கியவரும் இத்தாலியரே. கலிலியோ என்பது அவர் பெயர். ஒரு விளையாட்டுப் பொருளிலிருந்து கலிலியோ வரை மாணவரை அழைத்துச் செல்ல இயலுமெனின், அதனை வீண் என்பதெங்ஙனம்?

இவ்விடத்திலே நம் மலைநாட்டுக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் அமைதல் இயலாது. இங்கு கார் என்பது நெடுங்காலம் துரையின் கார். தேயிலை மலையை வளைத்துச் செல்லும் றோட்டில் அதன் ஒலி கேட்டதும் ஒதுங்கி நின்று தலைப்பாகையை அவிழ்த்த தலைமுறை ஒன்று இருந்தது. 1934ஆம் ஆண்டு தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப்போட்டியிலே வெள்ளைத் துரைமார் தம் வண்டிகளின் வேகத்தைக் காட்டினர். அம்மலையைக் காடு வெட்டித் திருத்திய மக்களின் பிள்ளைகள் கரைமேல் நின்று பார்த்தனர். 1948க்குப் பின் பிரசாவுரிமையே மறுக்கப்பட்டிருந்த மக்கள், கார் உரிமையைக் கனவிலும் கருதியிலர். எனினும், பார்த்த கண்கள் சும்மா இருக்கவில்லை. லயத்துச் சிறுவர் மீன் ரின்னை வெட்டிக் கூடு செய்தனர். தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் செய்தனர். கம்பியை வளைத்து நீண்ட சுக்கான் செய்தனர். வளைவிலே திரும்பும்போது துரையின் கார் எழுப்பும் ஒலியை வாயால் எழுப்பினர். இச்சிறுதேர்கள் எவ்வட்டவணையிலும் இடம்பெறவில்லை. அவற்றைச் செய்தோரின் பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் கூர்ந்து பார்த்தலும், பார்த்ததை அளவு சுருக்கிச் செய்தலும் அவற்றில் இருந்தன. ஜக் ஓடெல் தீப்பெட்டிக்குள் செய்ததை அவர்கள் மீன் ரின்னிலே செய்தனர். அச்சும் முதலும் வாணிபமும் வாய்த்தவர் செல்வரானார். வாய்க்காதவர் கொழுந்துக் கூடை சுமந்தார். வேறுபாடு அறிவில் இல்லை.

ஆதலினாலேயே இப்பொருளை நாம் சிறிதாகக் கருதவில்லை. துரையின் காரைக் கண்டு அஞ்சிய காலம் ஒன்று. அதற்காக ஏங்கிய காலம் ஒன்று. அதனை உள்ளங்கையில் வைத்து, 'இதன் எந்திரம் எங்கே, இதனை வரைந்தவர் யார், இத்தனை வளைவு எதற்கு' என்று கேட்கும் காலம் இப்பொழுது வந்துள்ளது. அச்சமும் ஏக்கமும் நீங்கி ஆராய்ச்சி தோன்றுவதே கல்வி. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். உழைத்துப் பணம் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒரே பஸ்ஸுடன் தொடங்கியவர், பின்னர் பெருந்தொழிலதிபராயினார். ஊர்திமேல் ஏறி அமர்வதினும் அதனை அறிவதே அவருக்கு இன்பமாயிற்று.

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நோக்குவோம். "கூரை ஒழுகும் வீட்டிலே கார்ப் பொம்மை எதற்கு?" என்பர் சிலர். இது தள்ளத்தக்க வினாவன்று. வீட்டுச் செலவைச் சுருக்கியோ, கடன்பட்டோ சிறுதேர் வாங்குவது அறமன்று. பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பின்னரே எப்பொழுதுபோக்கும். எனினும், மாதமொரு முறை சிகரெட்டுக்கோ சீட்டாட்டத்துக்கோ போகும் பணத்தில் ஒரு சிறுதேர் வாங்கலாம். ஆண்டுக்கு ஒன்று வாங்குவோரும் பத்தாண்டிற் பத்துக்கு உரியவராவர். பத்தையும் நன்கறிந்தவர் நூறு வைத்திருப்பவரினும் மேலான சேர்ப்பாளர்.

"இஃது அயல்நாட்டு மோகமன்றோ?" என்பர் வேறு சிலர். அயல்நாட்டுப் பொருளை அறியாது விரும்புதல் மோகம். அறிந்து மதித்தல் மோகமாகாது. 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டுகளிற் பழைய வண்டிகளைத் திருத்தித் திருத்தி ஓடவைத்த நம் மெக்கானிக்குகளின் கைத்திறனை யாவரும் கண்டோம். பொருளை விரும்பியவர் விலையேற்றத்தைக் கண்டு வருந்தினர்; பொருளை அறிந்தவர் நாட்டைச் சுமந்தனர்.

மூன்றாவது குற்றச்சாட்டே மிகக் கடியது. அதனை நாமும் ஏற்கின்றோம். சிறுதேர் சேர்ப்போருட் சிலர் வாங்கிய பெட்டியைப் பிரிப்பதில்லை. பிரித்தால் விலை குறையும் என்பர். கண்ணாடி அலுமாரியிற் பூட்டிவைத்து, குழந்தை கைநீட்டினால் அதட்டுவர். ஒன்றை வாங்கியதும் அடுத்த வீட்டாரிடம் இல்லாத மற்றொன்றுக்கு மனம் தாவும். 1962 முதல் 1964 வரை முப்பத்தாறே செய்யப்பட்ட பெராரி 250 ஜீ.டி.ஓ. கார்களுள் ஒன்று, 2018இல் அமெரிக்காவில் 484 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அக்காரை வாங்குவோரின் நோயே, சிறிய அளவில், பெட்டி பிரிக்காத சிறுதேரை வாங்குவோரையும் பற்றியுள்ளது. கதிரேசச் செட்டியார் அவர்கள் மண்ணியற் சிறுதேர் என்று தமிழாக்கிய சூத்திரகரின் நாடகத்திலே, அயல்வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியைக் கண்ட சிறுவன் தன் மண்வண்டியை வெறுத்து அழுகின்றான். வசந்தசேனை தன் அணிகலன்களை அம்மண்வண்டியில் இட்டு நிரப்புகின்றாள். அழுகை தணிந்தது, ஆயின் அவ்வணிகலன்களே பின்னர் அச்சிறுவனின் தந்தையைக் கொலைக்களம் வரை கொண்டு செல்கின்றன. விளையாட்டுப் பொருளில் விலையை ஏற்றுவோர்க்கு இதனினும் எச்சரிக்கை வேண்டுமோ?

ஆதலின், சேர்ப்பின் தகுதியை அளக்க நாம் கூறும் அளவுகோல் இதுவே: எண்ணிக்கையன்று, விலையன்று, ஒவ்வொன்றைப் பற்றியும் சேர்த்தவர் எத்துணைச் சொல்ல வல்லார் என்பதே. சொல்லுங்கால் உண்மை முழுவதையும் சொல்லல் வேண்டும். பந்தயக் கார் ஒன்றை வைத்திருப்பவர் அதன் வெற்றிகளை மட்டும் அடுக்குதல் போதாது. பிரேஷியா நகரிலிருந்து உரோமாபுரி சென்று மீளும் ஆயிரம் மைல் பந்தயம் 1927இல் தொடங்கியது. 1957இல் அதிற் பாய்ந்து வந்த பெராரி ஒன்றின் ரயர் வெடித்து, ஓட்டியவரும் உடனிருந்தவரும் மாண்டதோடு, வீதியோரத்தில் நின்ற ஒன்பது பேரும் மாண்டனர். அவர்களுட் சிறுவரும் இருந்தனர். அப்பந்தயம் அத்துடன் பழைய வடிவில் முடிவுற்றது. கரைமேல் நின்று கார் பார்த்த மக்களின் வழிவந்த நாம், சிறுதேரைப் பற்றி எழுதும் குறிப்பில் வீதியோரத்தில் நின்றவரை மறத்தல் தகாது.

மழையும் மூடுபனியும் மிகுந்த நம் பகுதியிற் சிறுதேர் வைத்திருப்போர்க்கு ஒரு சிறு குறிப்பு. ஈரத்தால் அட்டைப் பெட்டியிற் பூஞ்சணம் பிடிக்கும், அச்சாணி துருவேறும். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியைத் தவிர்க்க. ஈரமுறிஞ்சும் பொதிகளை இட்டு, அவற்றை அவ்வப்போது மாற்றுக. வெயிலிலும் வைக்கலாகாது, நிறம் வெளிறும். நெடுங்காலம் அசையாது நிற்கும் வண்டியின் மென்மையான ரயர், அதன் கீழுள்ள பிளாஸ்ரிக் தட்டையே உருக்கி ஒட்டிக்கொள்வதுண்டு. எனவே வாரமொரு முறை எடுத்துத் துடைத்து உருட்டுக. உருட்டாத தேருக்குத்தான் கேடு மிகுதி.

இறுதியாக, இவ்விழாவின்போது நம் பழைய மாணவர்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். கொழும்பிலும் வளைகுடாவிலும் இலண்டனிலும் கனடாவிலும் தொழில் புரிவோர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கல்லூரிக்கு ஏதாவது கொண்டுவர விரும்புகின்றனர். கேடயமும் சுவர்க் கடிகாரமும் போதிய அளவில் உள. அவற்றுக்கு மாறாக ஒவ்வொருவரும் ஒரு சிறுதேர் தருக. விலையுயர்ந்தது வேண்டா. சுண்டெலியும் தேனீயும் குளவியுமே போதும். பெட்டியைப் பிரித்தே தருக. நூலகத்தின் ஒரு மூலையிற் பூட்டில்லாத தட்டொன்றில் அவை நிற்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் அது பிறந்த ஊர், ஆண்டு, அமைத்தவர், அளவு, பயன், கேடு ஆகியவற்றை மாணவரே தமிழில் எழுதிய அட்டை இருக்கட்டும். தமிழில் எழுதும்போதுதான் கியர்ப்பெட்டிக்கும் சுக்கானுக்கும் தக்க சொல் நம்மிடம் உளதா என்பது தெரியவரும். இல்லாதவிடத்து ஆக்கிக்கொள்ளும் கடமையும் புலப்படும். அப்பணியிற் பங்குகொள்ளத் தமிழ் ஆசிரியர் ஆயத்தமாயுள்ளோம்.

அத்தட்டின் நடுவிடத்தை மட்டும் வெறுமையாக விடுமாறு கேட்டுக்கொள்கின்றோம். அங்கு நிற்க வேண்டியது தூரினிலிருந்தோ மிலானிலிருந்தோ வருவதன்று. மீன் ரின்னாலும் கம்பியாலும் செருப்புச் சக்கரத்தாலும் நம் மாணவர் ஒருவர் தம் கையாற் செய்தது. அதன் கீழுள்ள அட்டையிற் செய்தவரின் பெயரைத் தெளிவாக எழுதுவோம். முன்னோர் பெயரை எழுதாது விட்டது போதும்.